‘கருக்கு’ உணர்த்தும் கேள்வியறம்

திருக்குறளில் விருந்தோம்பல் ஓர் அதிகாரம். கேள்வி மற்றோர் அதிகாரம். முன்னது இல்லறவியலில் 9-ஆம் அதிகாரமாகவும், பின்னது அரசியலில் 42-ஆம் அதிகாரமாகவும் நிற்கின்றன. வந்தாரை முகம் மலர்ந்து ஏற்று உண்பித்தல் இல்வாழ்வான் கடன். கற்றறிந்தார் நூற்பொருளை எடுத்துரைக்கக் கேட்டல் ஆள்வோன் கடன். இவ்விரண்டும் வெவ்வேறிடத்துக் கூறப்பட்ட வெவ்வேறு அறங்கள். எனினும், சமுதாயத்தின் விளிம்பில் நிறுத்தப்பட்ட ஒருவர் நம் வாயிலில் வந்து நிற்குங்கால், அவரை வரவேற்றலும் அவர் கூறுவதைக் கேட்டலும் ஓரறமா ஈரறமா என்னும் வினா எழாமற் போகாது. சோறிட்டுச் சொல்லைக் கேளாது அனுப்பினால் விருந்தோம்பல் நிறைவுற்றதாகுமா?

இவ்வினாவைக் கிறித்தவச் சூழலில் வைத்துக் கூர்மையாக எழுப்பிய தமிழ் நூல் பாமாவின் ‘கருக்கு’. 1992-இல் வெளிவந்த இந்நூலைத் திருச்சபை எதிர்ப்பு நூல் என்பார் உளர். தமிழில் தலித் தன்வரலாற்றுக்குத் தோற்றுவாய் என்பார் உளர். வட்டார வழக்கின் களஞ்சியம் என்பாரும் உளர். மூன்றும் ஒருபுடை உண்மையே. ஆயின், நூலின் உயிர்நிலை இம்மூன்றிலும் அடங்குவதன்று என்பது எம் கருத்து. திருச்சபைமீது ‘கருக்கு’ சாற்றும் முதற்குற்றம் ஈயாமை அன்று, கேளாமை. இக்கருத்தை நூலின் நிகழ்ச்சிகள், அமைப்பு, மொழி ஆகிய மூன்றன் வழியாகவும் நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் நூலும்

பாமா 1958-இல் பிறந்தவர். அவர்தம் ஊர் வத்திராயிருப்பை அடுத்த புதுப்பட்டி. மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தது. அந்நாளில் இராமநாதபுர மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இப்பகுதி, 1985-இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு புதிய மாவட்டம் அமைந்தபோது அதன்பாற்பட்டது. அதே மாவட்டத்தில், புதுப்பட்டிக்குக் கிழக்கே, சிவகாசி உள்ளது. 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று மீண்ட அய்ய நாடார், சண்முக நாடார் இருவரும் அத்தொழிலைச் சிவகாசியில் தொடங்கினர். பின்னர்ப் பட்டாசும் அச்சும் அந்நகரின் தொழில்களாயின. மழை குறைந்த கரிசல் நிலத்துக்கு இத்தொழில்கள் வாழ்வளித்தன என்பது உண்மை. அவ்வாழ்வின் அடித்தளத்தில் பெண்டிரின் கையுழைப்பும் சிறாரின் கையுழைப்பும் நெடுங்காலம் அமுங்கிக் கிடந்தன என்பதும் உண்மை. நிலமுடையார் வயலில் கூலி, மலையில் விறகு, ஆலையில் தீக்குச்சி என்னும் மூன்று பிழைப்புகளுக்கிடையே உழன்ற மக்களின் ஊர்தான் ‘கருக்கு’ காட்டும் ஊர்.

அவ்வூரில் பறையர் குடியிருப்பினர் கத்தோலிக்கக் கிறித்தவர். அவர்கட்குக் கோயில் இருந்தது, பள்ளி இருந்தது, குருவானவரும் கன்னியரும் இருந்தனர். ஆகவே, திருச்சபை இம்மக்களை ஏற்கவில்லை என்று எவரும் கூற முடியாது. திருமுழுக்கு அளித்துப் பெயர் சூட்டி ஏற்றுக்கொண்டது. ஏற்றபின் என்ன நிகழ்ந்தது என்பதுதான் நூலின் பொருள்.

வாயிலின் வரலாறு

‘கருக்கு’ எழுப்பும் வழக்கு அந்நூலொடு தோன்றியதன்று. இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தது 1606-இல். அவர் துறவிக்கோலம் பூண்டு, தமிழும் வடமொழியும் பயின்று, உயர்குலத்தாரிடையே நற்செய்தி கூறினார். ஒடுக்கப்பட்ட சாதியாரிடை உழைக்கப் பண்டாரசாமிகள் என்னும் வேறொரு குருமரபு 1640 முதல் ஏற்பட்டது. ஒரு வேதத்திற்கு இருவகைக் குருமார் அமைந்த வரலாறு இது. 1703-இல் புதுச்சேரியில் வந்திறங்கிய திருத்தந்தையின் தூதர் துர்னோன், 1704-இல் விடுத்த ஆணையில், நோயுற்ற பறையரின் இல்லத்துட் சென்று குருமார் அருட்சாதனங்களை வழங்குதல் வேண்டும் என்று பணித்தார். அவ்வாணை நாற்பதாண்டு நீடித்த பூசலுக்கு வித்தாயிற்று. 1744-இல் பதினான்காம் பெனடிக்டு திருத்தந்தை ஆணையை உறுதிப்படுத்தினார். ஆயினும் இம்மக்களுக்கெனத் தனிக்குருமாரை அமைத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு இடமளித்தார்.

இவ்வரலாற்றை ஊன்றி நோக்கின் ஓருண்மை புலனாகும். எளியோரைக் கோயிலுக்கு அழைப்பதா என்பதன்று அங்கு எழுந்த சிக்கல். எளியோர் இல்லத்துக்குள் செல்வதா என்பதே சிக்கல். அழைப்போன் தன் வீட்டில் தன் முறைப்படி விருந்தினரை அமர்த்துகிறான். பிறர் வீட்டினுட் செல்வோனோ அவர்தம் பேச்சுக்கும் முறைக்கும் தன்னை ஒப்புவிக்க வேண்டும். அழைத்தல் எளிது, செல்லுதல் அரிது. நெல்லை நாட்டு வடக்கன்குளத்தில் ஒரே பீடத்தை நோக்கி வழிபட்ட இருதிறத்தாரைப் பிரித்து நின்ற சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. கற்சுவர் இடிவதற்கே அத்துணைக்காலம் ஆயிற்றெனின், கேளாமை என்னும் சுவரைப்பற்றிக் கூறவேண்டுவதில்லை.

தேங்காய் நிகழ்ச்சி

நூலிற் கூறப்படும் பள்ளிப்பருவ நிகழ்ச்சி ஒன்று இங்கு ஆராயத்தக்கது. மாலையில் சிறார் தென்னை மரத்தைச் சூழ்ந்து விளையாடுகின்றனர். சிறுமியின் கைபட்டுக் காய் ஒன்று விழுகிறது. மறுநாள் அவள் திருடியவளாகக் கூட்டத்தின் நடுவே பழிக்கப்படுகிறாள். குருவானவரின் கடிதம் இன்றி வகுப்பிற்குள் வருதல் கூடாது என்று தடுக்கப்படுகிறாள். அழுதுகொண்டே குருவானவரிடம் செல்கிறாள். அவரோ, அவள் சேரியைச் சேர்ந்தவள் என்பதனையே சான்றாகக் கொண்டு, அவள் அதனைச் செய்திருத்தல் கூடும் என்று தொடங்கி, செய்தே இருப்பாள் என்று முடித்துவிடுகிறார். இறுதியில் கடிதம் மட்டும் கிடைக்கிறது.

இந்நிகழ்ச்சியில் குருவானவர் கொடியவராகக் காட்டப்படவில்லை என்பது நோக்கத்தக்கது. அவர் சிறுமியைத் துரத்தவில்லை. கேட்ட கடிதத்தை மறுக்கவுமில்லை. அவள் பள்ளிக்கு மீளவும் வழி செய்தார். ஈகை என்னும் அளவுகோலால் அளந்தால் அவர்பாற் குறைகாண்டல் அரிது. ஆயினும், கூடும் என்னும் சொல்லிலிருந்து தீரும் என்னும் சொல்லுக்கு அவர் உள்ளம் தாவிய அவ்வொரு நொடியில், சிறுமி சொல்ல வந்தது சொல்லப்படாமலேயே இறந்துபட்டது. அவள் நாடிச் சென்றது கடிதத்தை மட்டுமன்று. நடந்தது இன்னதென்று கேட்டறியும் ஒரு செவியையும் ஆகும். கடிதம் கிடைத்தது, செவி கிடைக்கவில்லை. பெற்ற உதவியும் பெறாத நீதியும் ஒரே கையிலிருந்து வருவதைக் காட்டியமையால் இப்பகுதி வெறும் குறைகூறலினின்று உயர்ந்து இலக்கியமாகிறது.

இதற்கு மறுதலையான காட்சி நற்செய்தி நூலிலேயே உண்டு. மாற்கு எழுதிய நற்செய்தியின் 10-ஆம் அதிகாரத்தில், எரிகோவின் வழியோரத்தில் பர்த்திமேயு என்னும் பார்வையற்ற இரவலன் கூவுகிறான். சூழ்ந்து செல்வோர் அவனை வாயடக்குகின்றனர். இயேசு நிற்கிறார்; அவனை அழைப்பிக்கிறார்; தன்பால் அவன் வேண்டுவது யாதென்று வினவுகிறார். கண்ணில்லாதவன் கண்ணைத்தான் வேண்டுவான் என்பது யாவர்க்கும் தெரிந்ததே. தெரிந்தும் வினவியது ஏன்? வேண்டுவோன் தன் வேண்டுதலைத் தன் வாயாற் கூறுதற்கு உரிமையுடையவன் என்பதற்காக. லூக்கா நற்செய்தியின் 14-ஆம் அதிகாரத்து விருந்துவமையில் ஏழையரும் உடற்குறையுடையோரும் தெருக்களினின்று அழைத்து வரப்படுகின்றனர். அவ்வுவமையில் அவர்கள் வாய்திறந்து ஒரு சொல்லும் பேசுவதில்லை. முன்னது கேள்வியறத்தின் காட்சி; பின்னது விருந்தறத்தின் காட்சி. திருச்சபை நெடுங்காலம் பின்னதனை விரும்பிப் பின்பற்றியது, முன்னதனை மறந்தது. ‘கருக்கு’ முன்னதனை நினைவூட்டுகிறது.

ஒப்புரவும் முறையீடும்

கத்தோலிக்கத் திருச்சபையில் செவிமடுத்தலுக்கென்றே அமைந்த ஒரு சாதனம் உண்டு. அது பாவசங்கீர்த்தனம், இக்காலத்தார் ஒப்புரவு அருட்சாதனம் என்பர். குரு கேட்பவர், இறைமக்கள் கூறுவோர். அரசனாயினும் ஆண்டியாயினும் கூறுவதனை முழுதும் கேட்ட பின்னரே மன்னிப்பு மொழிதல் வேண்டும். இத்துணைச் சிறந்த கேள்வி முறையைத் தன்னகத்தே உடைய ஓர் அமைப்பு, எளியோர் சொல்லைக் கேளாதிருந்தது எங்ஙனம்?

விடை அச்சாதனத்தின் எல்லையிலேயே உள்ளது. அங்குக் கேட்கப்படுவன ஒருவர் தாம் செய்த பிழைகள். அவர்க்குப் பிறர் செய்த பிழைகள் அல்ல. ஞானோபதேச வகுப்பு, பாவசங்கீர்த்தனம், முதல் நன்மை ஆகியவற்றைச் சூழ்ந்திருந்த இளம்பருவ அச்சத்தை ‘கருக்கு’ விரிவாகப் பேசுகிறது. தன் சிறு குற்றங்களை எண்ணி எண்ணி நடுங்கிய சிறுமிக்கு, தன்மீதும் தன் பாட்டிமீதும் தன் தெருவின்மீதும் இழைக்கப்பட்ட பெருங்குற்றங்களைக் கூறுதற்கு ஓரிடம் இல்லை. கோயிலில் முறையீட்டுக்கு இருக்கை போடப்படவில்லை.

நூலின் அமைப்பை இவ்வொளியில் நோக்குதல் வேண்டும். ‘கருக்கு’ பிறப்பு முதல் காலமுறையாகச் செல்லும் தன்வரலாறன்று. உழைப்பு, விளையாட்டு, கல்வி, சமயம் எனப் பொருள்வகையாற் பகுத்து, ஒரே வாழ்வை மீண்டும் மீண்டும் வெவ்வேறு கோணங்களில் நின்று நோக்குகிறது. முன்னர்க் கூறிய செய்தி பின்னர் வேறு முகத்தோடு வருகிறது. இதனைக் கட்டுக்கோப்பின்மை என்று குறைகூறுவார்க்கு நாம் கூறும் விடை இது: துறவியர் நாடோறும் செய்யும் ஆன்ம ஆய்வின் முறை இதுவே. அன்றைய நாளை எடுத்து, அதனைப் பலவாறு புரட்டி, குற்றம் எங்குள்ளது என்று தேடுதல் அவர்தம் பயிற்சி. ஏறத்தாழ ஏழாண்டுகள் கன்னியர் மடத்தில் வாழ்ந்து 1992-இல் வெளியேறிய ஆசிரியர், அம்முறையைக் கைவிடவில்லை; அதன் திசையை மாற்றினார். தம் உள்ளத்தை நோக்கித் திருப்பப்பட்டிருந்த விளக்கைத் தம்மைச் சூழ்ந்த சமுதாயத்தின்மேல் திருப்பினார். ஆதலின் இந்நூல் ஒரு பாவசங்கீர்த்தனம் போலவே அமைந்த முறையீடு எனலாம். கூறுபவர் எளியவர், குற்றம் கேட்போருடையது.

மடத்தின் வாயில்

மடத்திற்குட் சென்றதும் வெளிவந்ததும் நூலின் மற்றொரு பகுதி. ஆசிரியர் மடம் புகுந்தது வறுமைக்கு அஞ்சி அன்று. அவர் முன்னரே ஆசிரியப்பணியில் இருந்தவர். எளியோர்க்காகத் தம் வாழ்வை ஈந்த சபை நிறுவனரின் வரலாற்றைப் படித்து, அவ்வழியில் தம்மவர்க்குத் தொண்டு செய்ய விரும்பிச் சென்றார். உள்ளே கண்டதோ செல்வர் மக்கள் பயிலும் பள்ளிகளும், ஏழைச் சிறார் ஏவல் செய்யும் நிலையும். ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்டிரைச் சில சபைகள் ஏற்பதில்லை என்னும் செய்தியைப் பயிற்சிக் காலத்திலேயே கேட்டு, தம் சபை தம்மை ஏற்குமோ என்று அவர் உழன்றதை நூல் கூறும்.

ஈண்டும் வரவேற்புக்கும் கேள்விக்கும் உள்ள வேறுபாடே மேலோங்கி நிற்கிறது. அவரை மடம் ஏற்றது. வார்த்தைப்பாடு கொடுக்கவும் இசைந்தது. ஆனால் உள்ளே இருப்பதற்கு ஒரு விலை இருந்தது: தன் சாதியாரைக் குறித்து உடன் வாழ்வோர் இழிவாகப் பேசுங்கால், அப்பேச்சுத் தன்னையன்று என்பதுபோல் வாய்வாளாதிருத்தல். பேசாதிருக்கும் வரையில் இடமுண்டு என்பது வரவேற்பா, சிறையா? ‘கருக்கு’ இவ்வினாவை வெளிப்படையாக எழுப்பாது, மடத்தின் அன்றாட நிகழ்ச்சிகளை அடுக்குவதாலேயே கற்பார் நெஞ்சில் எழச்செய்கிறது.

சேரி மொழியும் புலன் என்னும் வனப்பும்

இனி, நூலின் மொழி. ‘கருக்கு’ வெளிவந்த காலத்தில் அதன் நடை கொச்சை என்று ஒதுக்கப்பட்டது. தொடரிலக்கணம் பேச்சினுடையது, சொற்கள் தெருவினுடையன, எழுத்து வழக்கின் ஒப்பனை இல்லை. தமிழ் கற்பிக்கும் நம்மனோர் சிலர் இதனை ஏற்கத் தயங்கினர். ஆயின் தொல்காப்பியரை அறிந்தார் இங்ஙனம் தயங்குதற்கு இடமில்லை. செய்யுளியலில் வனப்பு எட்டனைக் கூறும் அவர், அவற்றுள் ஒன்றாகப் புலன் என்பதனை வைத்தார். சேரி மொழியால் செவ்விதாகச் சொல்லப்பட்டு, ஆராய்ந்து தேடவேண்டாது பொருள் தானே தோன்றுவது அதன் இலக்கணம். அங்குச் சேரி என்பது ஊரவர் வாழும் குடியிருப்பு என்னும் பொதுப்பொருளது. இன்று அச்சொல் சுமக்கும் பொருள் பிற்காலத்தது. எனினும், மக்கள் வழங்கும் மொழி இலக்கியத்திற்கு இழுக்கு அன்று, வனப்பு என்னும் கொள்கை நம் முதல் இலக்கண நூலிலேயே இடம்பெற்றுள்ளது என்பதனை மறத்தலாகாது. வனப்பு எட்டனுள் மற்றொன்று விருந்து. புதிதாகப் புனையப்படுவது என்பது அதன் பொருள். வீட்டுக்கு வரும் புதியோரை நாம் விருந்து என்பதும் அப்புதுமை பற்றியே. ‘கருக்கு’ மொழியாற் புலன். தமிழிலக்கியத்திற்கு வந்தமையால் விருந்து.

இதிலிருந்து ஒரு முடிபு பெறப்படும். சிறுமியின் சொல்லைக் கேட்குமுன்னரே அவள் சேரியினள் என்பதுகொண்டு தீர்ப்புரைத்த குருவானவரும், நூலின் பொருளைக் கேட்குமுன்னரே அதன் நடை கொச்சை என்பதுகொண்டு தீர்ப்புரைத்த திறனாய்வாளரும் ஒரே நிலையில் நிற்பவர் ஆகின்றனர். பாமா தம் மொழியைத் திருத்திச் செப்பமான உரைநடையில் எழுதியிருந்தால், கேட்போர் தம் இருக்கையை விட்டு அசையாமலேயே கேட்டிருப்பர். அவர் அங்ஙனம் செய்யவில்லை. கற்றவர் தெருவுக்குள் வந்துதான் கேட்க வேண்டும் என்று செய்துவிட்டார். 1704-ஆம் ஆண்டின் ஆணை குருமாரை எங்குச் செல்லப் பணித்ததோ, ‘கருக்கு’ தமிழறிஞரை அங்கு அழைக்கிறது.

கேள்வி என்னும் சொல்லின் பொருளும் இதனால் விரிவுறுகிறது. பரிமேலழகர் வழியில் நோக்கின் கேள்வியாவது நூற்பொருளைக் கற்றார் கூறக் கல்லாதார் கேட்பது. கற்றாரும் தம் கல்வியை அதனால் உறுதிப்படுத்திக்கொள்வது. ஓட்டம் கற்றாரிடமிருந்து கல்லாரை நோக்கியது. பாமா அவ்வோட்டத்தை எதிர்த்திசைக்குத் திருப்புகிறார். அவர்தம் பாட்டியிடமும் தெருப்பெண்டிரிடமும் உள்ள அறிவை ஓதியுணர்ந்தார் கேட்டறிய வேண்டும் என்பது அவர் நூலின் உட்கோள்.

நூலின் பெயரும் இதனோடு இயைந்தது. பனைமட்டையின் இருபுறமும் அமைந்த கூர்ப்பற்கள் கருக்கு. விறகு பொறுக்கும் சிறுவர் உடலை அது கீறும். எபிரேயர்க்கு எழுதிய திருமுகம் இறைமொழியை இருபுறமும் கூருள்ள வாளுக்கு ஒப்பிடுகிறது. தம்மைக் கீறிய கருக்கையும் மறைநூலின் வாளையும் தம் முன்னுரையில் ஆசிரியர் இணைக்கிறார். திருச்சபையின் மறைநூலைக்கொண்டே திருச்சபையை அறுத்துப் பார்க்கும் ஒருவரை, அம்மறையைத் துறந்தவர் என்று கூறுதல் பொருந்தாது.

சில மறுப்புகள்

மூவகை மறுப்புகள் இந்நூலின்மேல் எழுதல் கூடும். பள்ளியும் மருத்துவமனையும் ஈந்த அமைப்பைப் பழித்தல் நன்றி கொன்றதாகாதா என்பது முதலாவது. ஈந்ததனை நூல் மறைக்கவில்லை. தாம் கற்ற கல்வியே தமக்குக் காப்பு என்பதனையும் தம் உயர்வுக்கு வழிகாட்டியது தமையனின் அறிவுரை என்பதனையும் கூறுகிறது. ஈந்தவரிடம் முறையிடும் உரிமை பெற்றவர்க்கு இல்லை என்பது அறமன்று. மேலும், இந்நூலை முதலில் வெளியிட்டதே இயேசு சபையார் மதுரையில் நடத்திய சமுதாய ஆய்வு மையமாகும். கேளாத செவியும் கேட்ட செவியும் ஒரே திருச்சபையினுடையன. இதனை மறைத்து எழுதும் திறனாய்வு பாதி உண்மையே கூறும்.

ஒருவரின் தனிப்பட்ட பட்டறிவைப் பொதுவிதியாக்குதல் தகுமா என்பது இரண்டாவது. அதே ஊரில் 1950-இல் பிறந்தவர் பாமாவின் தமையனாரும் தமிழ்ப் பேராசிரியருமான ராஜ் கௌதமன், 2024-இல் மறைந்தார். அவர் 2002-இல் வெளியிட்ட ‘சிலுவைராஜ் சரித்திரம்’ என்னும் தன்வரலாற்றுப் புதினம், அங்கதச் சுவையோடு இதே வாழ்வைக் காட்டுகிறது. அவர் பிறந்த அதே 1950-இல் பிறந்த மற்றொன்று, பட்டியல் சாதியினர் இன்னார் என வரையறுத்த குடியரசுத்தலைவர் ஆணை. இந்துக்களுக்கே உரியதாய் அமைந்த அவ்வாணை 1956-இல் சீக்கியர்க்கும் 1990-இல் பௌத்தர்க்கும் விரிந்தது. கிறித்தவரான ஒடுக்கப்பட்டோர்க்கு இன்றளவும் விரியவில்லை. கோயிலில் சாதியுண்டு, அரசேட்டில் இல்லை என்னும் இவ்விரு கூர்க்கருக்கிடையே அகப்பட்டவன் சிலுவைராஜ். வேலையின்பொருட்டு மதம் மாறும் நிலைக்கு அவன் உந்தப்படுகிறான். தங்கை சினத்தாலும் தமையன் நகையாலும் கூறியது ஒன்றே. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையும் 2016-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில், தீண்டாமை திருச்சபைக்குள் நிலவுதலை ஒப்புக்கொண்டு, அதனைச் சமுதாயப் பாவம் எனக் கூறியது. ‘கருக்கு’ கூறி 24 ஆண்டுகள் கழிந்தபின் வந்த ஒப்புதல் அது.

நூல்தானும் பிறர் சொல்லைக் கேட்கிறதா என்பது மூன்றாவது மறுப்பு. மூன்றனுள் வலியதும் இதுவே. மடத்தைக் கூறும் பகுதிகளில் கன்னியர் பெரும்பாலும் ஒரு கூட்டமாகவே தோன்றுகின்றனர். தனித்தனி முகமும் குரலும் உடையவராகத் தோன்றுவது அரிது. அவருள்ளும் அஞ்சி வாயடைத்தோர் இருந்திருத்தல் கூடும். அவர்தம் நெஞ்சினுள் நூல் புகவில்லை. இறுதிப் பகுதிகளில் நிகழ்ச்சி குறைந்து அறிவுரை மிகுதலும், தெருமொழியின் துடிப்புத் தளர்ந்து மேடைமொழி தலைகாட்டுதலும் உண்டு. இவை குறைகளே. ஆயின் ஆசிரியர் அக்குறையிலேயே நின்றுவிடவில்லை என்பதனை 1994-இல் வந்த ‘சங்கதி’ காட்டுகிறது. அங்கு ‘நான்’ ஒடுங்கிப் பல பெண்டிரின் குரல்கள் எழுகின்றன, பாட்டி பேசுகிறாள், பேய் பிடித்தவள் பேசுகிறாள், வயலிற் களையெடுப்போர் பேசுகின்றனர். தாயின் சுமையைப் பகிர்ந்து தீப்பெட்டி ஆலைக்குச் செல்லும் மைக்கண்ணி என்னும் சிறுமியின் துயரும் அந்நூலில் இடம்பெறுகிறது.

மைக்கண்ணியை ஈண்டு நினைத்தல் பொருத்தம். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசித் தொழிற்சாலைகளைக் குறித்த வழக்கில் 1996-ஆம் ஆண்டு டிசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் சிறாரின் அகவையைக் கேட்டது. தீர்ப்பு அவர்க்குரிய இழப்பீட்டைக் கூறியது. இவை இன்றியமையாதன. ஆயினும் தீக்குச்சி அடுக்கும் விரலையுடையவள் என்ன நினைத்தாள், எதற்கு அழுதாள், எதற்குச் சிரித்தாள் என்பதனைச் சட்டத்தால் கேட்க இயலாது. அதனைக் கேட்டுவைத்தல் இலக்கியத்தின் பணி. அந்தப் பணியில் பாமா ‘கருக்கு’க்குப் பின்னர் மேலும் வளர்ந்தார்; முறையிட்டவர் பிறர் முறையீட்டைக் கேட்பவர் ஆனார்.

கேட்டலின் அருமை

கேட்டல் எளிதன்று என்பதற்கு நூலின் பிந்திய வரலாறே சான்று. தம் ஊரவரே முதற்கண் இந்நூலைக் கண்டு சினந்தனர் என்றும், சிலகாலம் ஊருக்குள் செல்ல இயலாதிருந்தது என்றும், பின்னர்ப் படித்த இளைஞர் எடுத்துரைக்க ஊரார் நூலைத் தமதாக ஏற்றனர் என்றும் ஆசிரியர் நேர்காணல்களிற் கூறியுள்ளார். தம் வாழ்வைத் தம் மொழியில் பிறர் முன் வைக்கக் கேட்பது அவர்கட்கே கடினமாக இருந்ததெனின், பிறர்க்கு அது எத்துணைக் கடினம்! எனினும் ஊரார் சினம் தணிந்து கேட்டனர். இலட்சுமி ஓம்சுத்ரோம் 1999-இல் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2000-இல் கிராசுவேர்டு பரிசு பெற்றது. அதன்பின் உலகமும் கேட்டது.

திருச்சபையும் இன்று கேட்டல் என்னும் சொல்லைத் தன் நடுச்சொல்லாகக் கொண்டுள்ளது. திருத்தந்தை பிரான்சிசு 2021-இல் தொடங்கி 2024 அக்டோபரில் நிறைவுற்ற உலக ஆயர் மாமன்றத்தின் வழி முழுதும் செவிமடுத்தல் என்னும் கருத்தே வலியுறுத்தப்பட்டது. 2022-இல் ஐதராபாத்துப் பேராயர் அந்தோணி பூலா கர்தினாலாக உயர்த்தப்பட்டார்; ஒடுக்கப்பட்ட சமுதாயத்தினின்று அந்நிலையை எய்திய முதல்வர் அவர். இவை நற்குறிகள். ஆனால் உயர்ந்த ஒருவரைத் தலைமைக்கு ஏற்றல் ஒன்று. தெருவிலிருந்து வரும் சிறுமியின் சொல்லைத் தீர்ப்புக்கு முன்னர்க் கேட்டல் மற்றொன்று. முன்னது ஆணையால் நிகழும். பின்னது ஒவ்வொரு பங்கிலும் ஒவ்வொரு பள்ளியிலும் நாடோறும் நிகழ்தல் வேண்டும்.

தமிழ்த்துறைகளாகிய நமக்கும் இக்கடன் உண்டு. ‘கருக்கு’ இன்று பல்கலைக்கழகங்களில் பாடநூல். விருதுநகர், சிவகாசி வட்டாரத்துக் கல்லூரிகளுக்கு வரும் மாணவருள் ஆலைக்கூலியாலும் வயற்கூலியாலும் படிக்க வைக்கப்பட்டோர் பலர். அவர்முன் இந்நூலை வட்டாரச் சொற்பட்டியலாகவும் தேர்வு வினாவாகவும் சுருக்கிக் கற்பிப்போமாயின், கடிதம் கொடுத்துச் சொல்லைக் கேளாது விட்ட குருவானவரின் செயலையே நாமும் செய்தோம் ஆவோம். நூலைப் பாடத்திட்டத்தில் ஏற்றல் விருந்தோம்பல். அது கூறுவதனை அதன் மொழியிலேயே இறுதிவரை கேட்டு, கேட்டதனால் நம் மதிப்பீடுகளை மாற்றிக்கொள்ளுதல் கேள்வி. முன்னதனைச் செய்துவிட்டோம், பின்னது இன்னும் எஞ்சி நிற்கிறது என்பது எம் துணிபு.